படைத்தவனைக் கேட்காத மலை

பழனியிலிருந்து மேற்கே கொழுமம் போகிற சாலையில், பாப்பம்பட்டியை ஒட்டி ஐவர்மலை நிற்கிறது. பாண்டவர் ஐவரும் வந்து தங்கிய மலை என்று ஊரார் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சமணர் இருந்து போன குன்றுகள் பலவற்றுக்குப் பஞ்சபாண்டவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே இதில் வியக்க ஒன்றுமில்லை. மலையின் பழைய பெயர் வேறு. பாறையில் வெட்டிய கல்வெட்டு அதைத் திருவயிரை என்கிறது. பதிற்றுப்பத்து பேசும் சேரரின் அயிரை மலை இதுவே என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. சரிவில் நீண்டு கிடக்கும் இயற்கைக் குகைத்தளம். அதன் நெற்றிப் பாறையில் வரிசையாகப் பதினாறு தீர்த்தங்கரர் உருவங்கள். 1905இல் கல்வெட்டுத் துறையினர் இங்கே படியெடுத்தவற்றில் ஒன்று சகம் 792, அதாவது கி.பி. 870, என்று ஆண்டு சொல்கிறது. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் சொல்கிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டும் சகாண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. அதனால், இரண்டாம் வரகுணன் 862இல் பட்டமேறினான் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட இந்த ஒரு வரி போதுமானதாயிற்று. கல்வெட்டின் புகழ் அந்தக் கணக்கோடு நின்றுவிட்டது. அதை வெட்டியவர்கள் எதை நம்பினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

கல்வெட்டுச் செய்தி சிறியது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், திருவயிரையில் இருந்த பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியரின் உருவங்களையும் புதுக்கினார். இவ்விரண்டுக்கும் முட்டாமல் அவி படைக்கவும், ஓர் அடிகளுக்கு, அதாவது ஒரு துறவிக்கு, சோறு போடவும் 505 காணம் பொன் வைத்தார். அவ்வளவுதான். ‘புதுக்கி’ என்று சொல்வதால் உருவங்கள் அதற்கும் முந்தியவை என்று தெரிகிறது. கொடை கொடுத்தவர் துறவி. மன்னன் பெயர் ஆண்டைச் சொல்வதற்கு மட்டும் வருகிறது. இதிலிருந்து வரகுணன் சமணத்தை ஆதரித்தான் என்று முடிவுகட்டுவது மிகை. ஆனால் அவன் நாட்டில், பழனிக்குப் பக்கத்தில், பொன் சேர்த்து வைக்கும் அளவுக்கு ஒரு சமணப் பள்ளி ஊன்றி நின்றது என்பதில் ஐயமில்லை. அந்தப் பள்ளியின் கொள்கை இன்றைய ஒரு வாதத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது. மனிதனுக்கு உணர்வு இருக்கிறது, தான் இருப்பது தனக்கே தெரிகிறது. கல்லும் மண்ணும் சேர்ந்து இப்படி ஒன்றைத் தந்திருக்க முடியாது. ஆகவே அறிவே உருவான ஒருவன் இந்த அண்டத்தைப் படைத்திருக்க வேண்டும் என்பது அந்த வாதம். கோயில் சொற்பொழிவிலும் தேவாலயப் பிரசங்கத்திலும் இது அடிக்கடி காதில் விழுகிறது. கேட்டவுடன் சரி என்றும் படுகிறது. இதன் முதல் பாதியை ஐவர்மலைக்காரர்கள் நம்மைவிட உறுதியாக நம்பினார்கள். இரண்டாம் பாதியை அடியோடு மறுத்தார்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள், அவர்களை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்த்தால், உணர்விலிருந்து படைத்தவனுக்குப் போகும் வழி நினைப்பதுபோல நேர்வழி இல்லை என்பது விளங்கும்.

சமணத்தில் உயிரின் இலக்கணமே அறிவு. உடம்பு, மனம், பேச்சு, வினை எல்லாம் வெளியிலிருந்து வந்து ஒட்டியவை. ஒட்டாதது அறிவு ஒன்றுதான். அது பிறப்பதில்லை, அழிவதில்லை, யாரும் அதைச் செய்ததில்லை. மனிதனுக்கு மட்டும் உரியதுமில்லை. புல்லுக்கும் நீருக்கும் ஓரறிவு, புழுவுக்கு ஈரறிவு என்று ஏறிக்கொண்டே போகும் கணக்கில் மனிதன் ஒரு படி. தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்த ஏணி புதிதாக இருக்காது. எல்லா உயிருக்கும் அளவற்ற அறிவு உள்ளே இருக்கிறது. வினை என்னும் பொருள் அதை மூடியிருக்கிறது. மூடி விலகினால் முழு அறிவு. விலக்கிக் காட்டியவர்கள் தீர்த்தங்கரர்கள். பாறையில் வரிசையாக நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் யாரையும் படைக்கவில்லை, யாருக்கும் வீடு கொடுப்பதுமில்லை. அப்படியானால் முட்டாத அவி எதற்கு, இயக்கிக்கு உருவம் எதற்கு, இதுவும் கடவுள் வழிபாடுதானே என்று கேட்கலாம். வழிபாடுதான், ஆனால் வழிபடப்பட்டவர்கள் உலகத்தின் காரணம் அல்லர். பார்சுவநாதர் வென்றுபோன ஆசான். இயக்கி நம்மைப் போலவே பிறப்பு இறப்புக்குள் இருக்கும் ஒரு தேவதை. கேட்டவருக்கு உதவலாம், அண்டத்தை உண்டாக்கியிருக்க முடியாது. கும்பிடுவதற்கு ஒருவர் வேண்டும் என்பதும் படைப்பதற்கு ஒருவர் வேண்டும் என்பதும் வேறு வேறு தேவைகள். இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் இது முரணாகத் தெரியும்.

படைத்தவன் இல்லை என்பதற்குச் சமணர் வைத்த காரணங்கள் அதே ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் மிகக் கூர்மையாக எழுதப்பட்டன. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் குரு ஜினசேனர் தம் ஆதிபுராணத்தில் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறார். வானியலாளர் கார்ல் சாகன் தம் ‘காஸ்மோஸ்’ நூலில் அதை எடுத்துக்காட்டியபின் உலகம் முழுவதும் ஜினசேனர் பெயர் தெரிந்தது. ஐவர்மலைத் துறவிகளுக்கு அவர் ஏறத்தாழச் சமகாலத்தவர், ஒரே திகம்பர மரபினர். அவருடைய கேள்விகளின் சாரம் இது: உலகத்துக்கு முன் கடவுள் எங்கே இருந்தார்? உடம்பில்லாதவர் உடம்புள்ள உலகத்தை எப்படிச் செய்தார்? மூலப்பொருளை முதலில் செய்தார் என்றால் அதற்கு மூலம் எது? குறை தீரப் படைத்தார் என்றால் அவர் நிறைவானவர் அல்லர். குறையில்லை என்றால் படைக்கக் காரணமில்லை. கருணையால் படைத்தார் என்றால் துன்பம் ஏன்? வினைக்குத் தக்கபடி படைத்தார் என்றால் வினையே போதும், நடுவில் அவர் எதற்கு? கடைசிக் கேள்விதான் தமிழ்நாட்டில் நெடுநாள் புகைந்துகொண்டிருந்தது. பழனிக்கு நடந்து போகிறவர்கள் ஒரே மூச்சில் ‘எல்லாம் அவன் செயல்’ என்றும் ‘அவனவன் செய்த வினை’ என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இவற்றில் ஒன்று சைவரின் வாய்மொழி, மற்றொன்று சமணர் விட்டுச்சென்றது என்று சொன்னால் ரொம்பப் பிழையாகாது.

சமணரை எதிர்த்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். ஒரு பக்கம், உணர்வே தனிப்பொருள் அல்ல என்ற பூதவாதிகள். மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் சமயக் கணக்கர் ஒவ்வொருவராகப் பேசும்போது பூதவாதியும் தன் கட்சியைச் சொல்கிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்து ஊறவைத்தால் எதிலும் இல்லாத போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரியும்போது, அடங்கிப்போகும் பறையோசைபோல மறைகிறது என்கிறான். அவனை வெறும் முரடனாக நூலாசிரியர் சாத்தனார் காட்டவில்லை. உணர்வுள்ள பூதம், உணர்வில்லாத பூதம் என்று இரு வகையும் அவன் பிரிக்கிறான். தான் உலோகாயதனிலிருந்து வேறுபடுவதாகவும் சொல்லிக்கொள்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, கண்ணால் கண்டதைத்தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்கிறாயே, உன் தாய் தந்தையர் யாரென்று அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்டுவிட்டு நகர்கிறாள். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் போதை உவமைக்கு அது பதிலாகாது. அனுமானம் செல்லும் என்று நிறுவினாலும், எதை அனுமானிப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பிற்காலச் சமணக் காப்பியமான நீலகேசி தன் கடைசிச் சருக்கத்தைப் பூதவாதத்துக்கே ஒதுக்குகிறது. 1936இல் அ. சக்கரவர்த்தி அதைப் பதிப்பித்தபோது தமிழில் பல நூற்றாண்டு உணர்வு பற்றி நடந்த வழக்கு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. பூதவாதியோடு சண்டையிட்ட பௌத்தரும் சமணரும் இருவருமே படைத்தவன் இல்லை என்றவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உணர்வு பொருளிலிருந்து பிறந்ததல்ல என்று வாதாடுவதற்கும் கடவுள் இருக்கிறார் என்று வாதாடுவதற்கும் அந்தக் காலத்தில் ஒட்டில்லை. ஒரே ஆள் முதல் வாதத்தில் வக்கீலாகவும் இரண்டாவதில் எதிர்வக்கீலாகவும் நின்றான்.

இன்னொரு பக்கம் சைவர்கள். இவர்களுடைய வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். படைத்தவனை நிறுவுவதே இவர்களின் முதல் வேலை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாக்களில் சிவஞானபோதத்தைச் செய்தார். அதன் முதல் நூற்பா உலகத்துக்கு ஒரு கருத்தா உண்டு என்று நிறுவுகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது. ஆகவே அதை ஒடுக்கி மீண்டும் தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு என்பது காரணம். உயிர் ஒன்று உண்டு என்பதை நிறுவுவது மூன்றாம் நூற்பா. அங்கே அவர் தொடுக்கும் காரணங்கள் இன்றைக்கும் சுவையானவை: இல்லை என்று சொல்ல ஒன்று இருக்கிறது; என் உடம்பு என்று உடம்பை வேறாகச் சொல்ல ஒன்று இருக்கிறது; ஐம்புலனும் அடங்கியபோதும் அறிவது ஒன்று இருக்கிறது; தூங்கும்போது உடம்பு கிடக்கிறது, உண்பதும் செய்வதும் நின்றுவிடுகின்றன; உணர்த்தினால் உணர்வது ஒன்று இருக்கிறது. இவ்வளவும் சொன்னவர், இந்த உயிரைக் கடவுள் படைத்தார் என்று எங்கும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அநாதி என்பது சைவ சித்தாந்தத்தின் அடிக்கல். உயிரும் கடவுளைப்போலவே தொடக்கமில்லாதது. அப்படியானால் கடவுள் படைப்பது எதை? தனு, கரணம், புவனம், போகம் என்று சைவர்கள் நான்கைச் சொல்வார்கள்: உடம்பு, மனம் முதலான கருவிகள், உலகம், அனுபவப் பொருள்கள். அதாவது அறிவுள்ள உயிர் ஏற்கெனவே இருக்கிறது. அது அறிவதற்கு வேண்டிய சாமான்களைத்தான் இறைவன் செய்து தருகிறான். அதையும் மாயை என்னும் மூலப்பொருளைக் கொண்டுதான் செய்கிறான். குயவன் மண்ணைப் படைப்பதில்லை, மண்ணிலிருந்து குடத்தை வனைகிறான் என்ற உவமையை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விரித்துச் சொன்னது இதற்காகவே.

ஆக, படைத்தவன் உண்டு என்று சாதித்த தமிழ்ச் சைவரும், உணர்வு படைக்கப்பட்டது என்று கருதவில்லை. உணர்விலிருந்து அவர்கள் கடவுளுக்குப் போகும் வழி வேறு. உயிருக்கு அறிவு இருக்கிறது என்பது அல்ல அவர்களின் துருப்பு; அந்த அறிவு அரைகுறையானது என்பதுதான். நனவில் அறிந்தது கனவில் மாறுகிறது, உறக்கத்தில் மங்குகிறது, பேருறக்கத்தில் அடங்குகிறது. தானே அறியும் பொருளாக இருந்தால் இப்படி அணைந்து அணைந்து எரியவேண்டியதில்லை. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருந்தும் ஒளியில்லாமல் காணமுடியாததைப்போல, உயிர் அறிவித்தால்தான் அறியும். அறிவிப்பவன் ஒருவன் வேண்டும். வினை சடம், தானாகச் செய்தவனைத் தேடிப் பிடிக்காது. கூட்டி வைப்பவன் ஒருவன் வேண்டும். இது சமணரின் கழுத்தைப் பிடிக்கும் வாதம்தான். முழு அறிவு உள்ளே இருக்கிறது, வினை மூடியிருக்கிறது என்றால், சடமான வினை அளவற்ற அறிவை எப்படி மூடிற்று, யார் மூடினார் என்று சைவர் கேட்டால் சமணருக்கு ‘அநாதியாகவே மூடியிருக்கிறது’ என்பதைத்தவிர வேறு விடை இல்லை. ஆனால் சைவரைத் திருப்பிக் கேட்டால் அவர்களும் உயிரை மறைக்கும் ஆணவம் அநாதி என்றுதான் சொல்லவேண்டும். சித்தியார் பரபக்கத்தில் உலோகாயதர் தொடங்கி பௌத்தர், சமணர், ஆசீவகர் என்று வரிசையாகப் பிறர் மதங்களை மறுக்கும் அருணந்தியின் தருக்கத்திறன் பெரியது. இருந்தும் இந்த இடத்தில் இரு கட்சியும் ஒரே சுவரில் முட்டி நிற்கின்றன. எங்காவது ஓர் இடத்தில் ‘இது அநாதி, இதற்கு மேல் கேட்காதே’ என்று சொல்லியாக வேண்டும். சமணர் உயிரோடும் வினையோடும் நிறுத்திக்கொண்டார்கள். சைவர் இன்னொரு பொருளைச் சேர்த்துக்கொண்டு நிறுத்தினார்கள். சேர்த்ததனால் விளக்கம் கூடிற்றா, கணக்கில் ஒரு பொருள்தான் கூடிற்றா என்பதே கேள்வி.

வரலாறு தீர்ப்புச் சொல்லிவிட்டதே, ஐவர்மலையில் சமணப் பூசை நின்றுபோய்ப் பழனியில் கூட்டம் அலைமோதுகிறதே என்று ஒருவர் சொல்லக்கூடும். அது தருக்கத்தின் தீர்ப்பல்ல. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் சமணரை வென்றார், எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்ற கதையோடு இந்த விஷயம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு இரண்டு நூற்றாண்டு கழித்து அதே பாண்டிநாட்டின் மேற்கெல்லையில் 505 காணம் பொன்னோடு ஒரு பள்ளி நடக்கிறது. இந்த மலையிலும், மதுரையைச் சுற்றிய குன்றுகளிலும், தெற்கே வெகுதூரம் வரையிலும் அச்சணந்தி என்ற துறவியின் பெயர் பாறைகளில் வெட்டப்பட்டிருப்பதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். பெருவழி ஓரத்தில் துறவிகள் தங்குவது பழைய வழக்கம். பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் 2009 முதல் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஈமக்குழியிலிருந்து எடுத்த நெல் கி.மு. 490 என்று காலங்கணிக்கப்பட்டது. எழுத்துப் பொறித்த பொருளும் மணிகளும் கிடைத்தன. பாண்டிநாட்டையும் கொங்கையும் சேரக் கரையையும் இணைத்த பெருவழியில் இருந்த ஊர் அது. அந்த வழியின் வணிகர் கைப்பொன்தான் இத்தகைய பள்ளிகளைத் தாங்கியிருக்க வேண்டும். பிறகு நிலமும் நீரும் பெருங்கோயில்களின் கைக்கு வந்தன. ஊரின் பொருளும் திருவிழாவும் பாட்டும் அங்கே திரண்டன. ஒரு துறவிக்குச் சோறு என்ற சிறு அறக்கட்டளை அந்தப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சமணர் தோற்றது இங்கே. ஜினசேனரின் கேள்விகளுக்கு விடை கிடைத்ததால் அல்ல. வட மாவட்டங்களில் மேல்சித்தாமூர் மடத்தோடு தமிழ்ச் சமணர் இன்றும் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உணர்வே படைக்கப்பட்டது என்ற கருத்து இந்த வட்டாரத்தில் பரவலாகக் கேட்கத் தொடங்கியது பிறகுதான். திண்டுக்கல் பேகம்பூர்ப் பள்ளிவாசலில் தொழுபவர்களுக்கு உயிர் இறைவனின் கட்டளையால் வந்தது. இந்தக் கருத்தின் கிறித்தவ வடிவத்துக்கு ஓர் ஆண்டைக் குறிக்கலாம்: இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவர் தமிழில் எழுதிய ஆத்தும நிருணயம், பெயர் சொல்வதுபோலவே, ஆன்மாவைப் பற்றியது. தோமாஸ் அக்குவினாஸ் வழியில் அவர் உயிர்களைப் பிரிக்கிறார்: செடிக்கு ஒரு வகை உயிர், விலங்குக்கு ஒரு வகை, மனிதனுக்கு அறிவுள்ள ஆத்துமா. முதல் இரண்டும் உடம்போடு அழியும். மூன்றாவது உடம்பிலிருந்து பிறக்க முடியாதது. அதைக் கடவுள் ஒவ்வொரு மனிதனுக்கும் தனித்தனியே படைக்கிறார். ஆகவே மறுபிறப்பு இல்லை. இங்கேதான் மனித உணர்வு என்பது தனித்த சான்றாகிறது. ஏணியாக இருந்ததில் ஒரு கோடு விழுகிறது: கோட்டுக்கு இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் மற்றவை. அந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டால் ‘இது எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழும், படைத்தவன் என்ற விடை இயல்பாக வரும். கோட்டை ஏற்காதவனுக்கு, அதாவது புல்லுக்கும் உயிருண்டு என்பவனுக்கு, அந்தக் கேள்வியே எழாது. திண்டுக்கல்லில் 1866க்கும் 1872க்கும் இடையே கட்டிய புனித வளனார் தேவாலயத்தில் இன்றுவரை வேதபாடம் படிக்கும் பிள்ளைகள் நொபிலியின் கோட்டைத்தான் கற்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது அவர்களின் கொள்கை. அது வாதத்தின் முடிவு அல்ல, தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

மேற்கிலும் இந்த வழக்கு இதே இடத்தில்தான் திணறியது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1690இல் தம் பெருநூலில், சிந்திக்காத பொருளிலிருந்து சிந்தனை பிறக்காது, ஆகவே என்றுமுள்ள சிந்திக்கும் பொருள் ஒன்று இருக்கவேண்டும் என்று எழுதினார். அதே நூலில், பொருளுக்கே சிந்திக்கும் ஆற்றலைக் கடவுள் கொடுத்திருக்கக் கூடாதா என்றும் கேட்டுவைத்தார். அவர் காலத்து மதகுருமார் பதறிப்போனார்கள். பொருள் சிந்திக்கக்கூடும் என்றால் முதல் வாதத்தின் அடி ஆடுகிறது. நம் காலத்தில் தத்துவ அறிஞர் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் 1979இல் உணர்வைக் கடவுளுக்கான சான்றுகளில் ஒன்றாக வைத்து விரிவாக வாதாடினார். இன்னொரு தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995இல், மூளையின் வேலைகளை எல்லாம் விளக்கினாலும் ஏன் உள்ளே ஓர் அனுபவம் இருக்கவேண்டும் என்பது விளங்கவில்லை, அதுவே கடினமான சிக்கல் என்றார். அவருடைய கட்டுரையைக் கையிலெடுத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, அறிவியலே ஒத்துக்கொண்டது’ என்பவர்கள் அவர் அடுத்து சொன்னதைப் படிப்பதில்லை. உணர்வை உலகத்தின் அடிப்படைப் பண்புகளில் ஒன்றாக, நிறையையும் மின்னூட்டத்தையும் போல, வைத்துக்கொள்ளலாமா என்றுதான் அவர் கேட்டார். உணர்வு எதிலிருந்தும் பிறக்காமல் முதலிலிருந்தே இருக்கிறது என்ற அந்த நிலையைச் சாந்திவீரக் குரவருக்குச் சொன்னால் தலையசைத்திருப்பார். பூதவாதியும் சும்மா இருக்கவில்லை. 1846இல் பாஸ்டனில் ஈதரை முகரவைத்து நோயாளிக்கு வலி தெரியாமல் அறுவைசிகிச்சை செய்துகாட்டிய நாளிலிருந்து, சில மூலக்கூறுகள் உணர்வை அணைத்துவிட முடியும் என்பது மருத்துவமனைதோறும் தெரிந்த விஷயம். உறக்கத்தைக் காட்டி உயிரை நிறுவிய மெய்கண்டாரின் வாதத்துக்கு இது எதிர்ச்சான்று. விளக்கின் திரியைத் தாழ்த்தினால் வெளிச்சம் குறைவது திரிக்கும் வெளிச்சத்துக்கும் தொடர்புண்டு என்று காட்டும். திரியே வெளிச்சம் என்று காட்டாது என்று சைவர் மறுக்கலாம். மறுப்பதும் நியாயமே. பூதவாதி வென்றுவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். அவனைத் தள்ளுபடி செய்ய இதுவரை யாராலும் முடியவில்லை என்று மட்டும் சொல்வேன்.

இங்கே பகுத்தறிவுக் கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1880களில் சென்னையில் வெளிவந்த தத்துவவிவேசினி இதழ் முதல், பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை ஜீவானந்தம் 1935இல் தமிழாக்கிச் சிறைப்பட்டது வரை, தமிழ் நாத்திகத்துக்கு ஒரு வீரமான வரலாறு உண்டு. ஆனால் கடவுள் இல்லை என்பதால் ஆன்மா இல்லை என்று ஒரே வெட்டில் இரண்டையும் வெட்டும் வழக்கம் அதிலும் பரவியது. ஆத்திகர் உணர்வைக் காட்டிக் கடவுளை நிறுவ, நாத்திகர் கடவுளை மறுத்து உணர்வின் புதிரைக் கலைத்துவிட்டதாக எண்ண, இரு சாராரும் ஒரே முடிச்சைப் பிடித்து இழுக்கிறார்கள். ஐவர்மலையில் அந்த முடிச்சே இல்லை. அங்கே கடவுளை மறுத்தவர்கள் ஆன்மாவுக்காக உயிரையே விட்டவர்கள். உண்ணாநோன்பிருந்து இறப்பது அவர்கள் மரபு.

எஞ்சும் மறுப்பு ஒன்றுதான் கனமானது. சமணர் ‘அநாதி’ என்று சொல்லிக் கேள்வியைத் தட்டிக்கழித்தார்கள். எண்ணற்ற உயிர்கள் காரணமின்றி என்றென்றும் இருக்கின்றன என்பதைவிட, ஒரே பேரறிவு என்றென்றும் இருக்கிறது, மற்றவை அதிலிருந்து வந்தன என்பது எளிமையான விளக்கம் அல்லவா என்று கேட்கலாம். எண்ணிக்கையில் எளிமைதான். ஆனால் எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல, உடம்பற்ற ஓர் அறிவு என்பது நாம் அறிந்த எந்த உணர்வையும் போன்றதல்ல. நாம் அறிந்த உணர்வெல்லாம் உடம்போடு இருப்பது, தூங்குவது, மறப்பது, வளர்வது. தெரிந்த உணர்வை விளக்கத் தெரியாத வகை உணர்வொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவது விளக்கம் ஆகுமா? சைவர் இதை உணர்ந்தேதான் இறைவனின் அறிவை உயிரின் அறிவோடு ஒரே வரிசையில் வைக்காமல் விலக்கி வைத்தார்கள்; அது சுட்டியறியும் அறிவு அல்ல என்றார்கள். அப்படி விலக்கியபின், நம் உணர்வைச் சான்றுக்கு அழைக்கும் உரிமையும் பெரும்பகுதி போய்விடுகிறது. என் தீர்ப்பு இது: மனித உணர்வு பொருளாலானதல்ல என்று நாளைக்கே நிறுவப்பட்டாலும், அது ஐவர்மலை வரைதான் கொண்டுபோய்விடும். அங்கிருந்து படைத்தவனிடம் போக வேறு சான்று வேண்டும்; உலகத்தின் தோற்றமோ ஒழுங்கோ அருள் அனுபவமோ அதைத் தரலாம், தராமலும் போகலாம். கடவுளை நம்புகிறவர்கள் இதனால் நம்பிக்கையை விட வேண்டியதில்லை. மெய்கண்டாரே கருத்தாவை நிறுவ முதல் நூற்பாவில் உலகத்தைத்தான் சான்றாக எடுத்தார், உயிருக்கு மூன்றாம் நூற்பா வரை காத்திருந்தார். நீலகேசியும் சித்தியார் பரபக்கமும் உரையோடு அச்சில் கிடைக்கின்றன. உணர்வைக் காட்டிக் கடவுளை நிறுவவோ மறுக்கவோ மேடையேறுகிறவர்கள் முதலில் அந்த இரண்டையும் படித்துவிட்டு வரட்டும்.